செலவில்லாத அனுதாபம்

2009 செப்டம்பரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு சாதனை நிகழ்ந்தது. யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. உள்ளூர் பேஸ்பால் அணியான பைரேட்ஸ் அந்த சீசனின் 82-வது தோல்வியைச் சந்தித்தது. வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம் என்ற நிலை, தொடர்ந்து 17-வது ஆண்டாக அன்று உறுதியாயிற்று. அமெரிக்காவின் நான்கு பெரிய தொழில்முறை விளையாட்டுகளில் அதற்கு முன் எந்த அணியும் இத்தனை ஆண்டுகள் விடாமல் தோற்றதில்லை. பிலடெல்பியா பில்லீஸ் அணி 1933 முதல் 1948 வரை 16 ஆண்டுகள் தோற்று வைத்திருந்த பழைய சாதனை முறிந்தது. பைரேட்ஸ் அதோடு நிற்கவில்லை. 2012 வரை தோற்று, கணக்கை இருபதாக முழுமை செய்தது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு இந்த இருபதின் கனம் புரிய வேண்டும். ஓர் அணி வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை 162 ஆட்டங்கள் ஆடுகிறது. கிட்டத்தட்ட தினமும் ஓர் ஆட்டம். டிரா என்ற பேச்சில்லை. ஆகவே 81 வெற்றி என்பது நடுக்கோடு. நல்ல அணிகூட அறுபது ஆட்டங்களைத் தோற்கும், மோசமான அணிகூட அறுபது ஆட்டங்களை ஜெயித்துவிடும். கோப்பை எல்லாம் வேண்டாம், பாதிக்குப் பாதி தேறினால் போதும் என்பதுதான் இங்கே பாஸ் மார்க். அந்தப் பாஸ் மார்க்கைத்தான் பிட்ஸ்பர்க் இருபது ஆண்டுகள் எட்டவில்லை. 1992-ல் அங்கே பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் முடித்து, ஓட்டுப் போடும் வயதைத் தாண்டும்வரை தன் ஊர் அணி தேறிப் பார்க்கவில்லை.

தோல்வியைவிட விசித்திரமானது அது சம்பாதித்த அனுதாபம். தன் அணி வெல்லவேண்டும், எதிரணி மண்ணைக் கவ்வ வேண்டும் என்பதுதான் எந்த ஊர் ரசிகனுக்கும் இயல்பான பிரார்த்தனை. ஆனால் இந்த இருபது ஆண்டுகளில் சிகாகோ, பிலடெல்பியா, பாஸ்டன் ரசிகர்கள் எல்லாம் பிட்ஸ்பர்க்கைப் பார்த்து ‘உச்’ கொட்டினார்கள். தங்கள் அணி எதிரில் ஆடாத நாட்களில் பைரேட்ஸ் ஜெயிக்கட்டுமே என்றார்கள். பைரேட்ஸ் ரசிகர் என்று தெரிந்தால், துக்கம் நடந்த வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

இந்த உணர்ச்சியை என்ன சொல்லி அழைப்பது? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது தினசரித் தலைவலி. பரிவு, இரக்கம், அனுதாபம் என்று மூன்று சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அகராதிகள் மூன்றையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடிவைத்திருக்கின்றன. பழக்கத்தில் வேறுபாடு உண்டு. பரிவு காட்டுபவர் பக்கத்தில் வந்து உட்காருகிறார். இரக்கம் காட்டுபவர் சற்று மேலே நிற்கிறார். அனுதாபம் தெரிவிப்பவர் தெரிவித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். நம் தேர்தல்களில் ‘அனுதாப அலை’க்காவது ஓட்டு விழும், 1984-ல் 400-க்கும் மேற்பட்ட இடங்களை அது பெற்றுத் தந்தது. பேஸ்பாலில் அனுதாபத்துக்கு ஒரு ரன்கூடக் கிடையாது.

பைரேட்ஸ் பிறவித் தோல்வி அணி அல்ல என்பதுதான் அனுதாபத்துக்கு முதல் காரணம். உலகத் தொடர் என்று அமெரிக்கர்கள் தன்னடக்கமின்றிப் பெயரிட்டுள்ள இறுதிப் போட்டியை அது ஐந்து முறை வென்றிருக்கிறது. 1960-ல் நியூயார்க் யாங்கீஸ் அணி ஏழு ஆட்டங்களில் மொத்தம் 55 ரன்கள் எடுத்தது, பைரேட்ஸ் 27-தான் எடுத்தது. ஆனாலும் கோப்பை பிட்ஸ்பர்க்கிற்கே வந்தது. ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் பில் மசராஸ்கி மதிலைத் தாண்டி அடித்த பந்து, நம் கிரிக்கெட் பாஷையில் கடைசிப் பந்து சிக்ஸர். 1971-ல் அணியைத் தூக்கி நிறுத்திய ரொபர்ட்டோ கிளெமெண்டே, போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். 1972 டிசம்பர் 31 அன்று, நிகரகுவா நாட்டின் பூகம்பத்தில் அடிபட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டு சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்தார். வயது 38. அவர் முதுகில் இருந்த 21 என்ற எண் பிட்ஸ்பர்க்கில் கிட்டத்தட்ட ஒரு கோயில் எண்.

வீழ்ச்சி தொடங்கிய இரவையும் தேதி போட்டுச் சொல்லலாம். 1992 அக்டோபர் 14, அட்லாண்டா. உலகத் தொடருக்குள் நுழைய ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. கடைசிப் பகுதி தொடங்கும்போது பைரேட்ஸ் 2-0 என்று முன்னணியில் இருந்தது. அட்லாண்டா ஒரு ரன் எடுத்தது. இன்னும் ஒரே ஒருவரை அவுட்டாக்கினால் ஆட்டம் முடிந்தது. அப்போது பிரான்சிஸ்கோ காப்ரேரா என்ற, அந்த சீசனில் அதிகம் களமிறங்காத மாற்று ஆட்டக்காரர் இடப்புறம் ஒரு பந்தைத் தட்டினார். ஒரு ரன் வந்து ஆட்டம் சமனாயிற்று. பின்னாலேயே இரண்டாவது ரன்னுக்கு ஓடிவந்தவர் சிட் பிரீம். முழங்காலில் பலமுறை கத்தி பட்ட, மெதுவாக ஓடுபவர் என்று பெயரெடுத்த மனிதர். இரண்டு வருடம் முன்புவரை பிட்ஸ்பர்க்கிற்கு ஆடியவர். பந்தை எடுத்து வீசியவரோ அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான பேரி பாண்ட்ஸ். பந்து சற்றே விலகி வந்தது. பிரீம் சறுக்கிக்கொண்டு வந்து தொட்டுவிட்டார். ஆட்டம் முடிந்தது. சில வாரங்களில் பாண்ட்ஸ், ஆறு வருடத்துக்கு 4 கோடியே 37 லட்சம் டாலருக்கும் மேல் தருவதாகச் சொன்ன சான்பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். பைரேட்ஸ் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எழுந்திருக்கவில்லை.

இருபது ஆண்டுத் தோல்வியில் ஒரே மாதிரியான சோகம் மட்டும் இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. அதில் எல்லா ரசமும் இருந்தது. 2001 ஜூனில் நடுவரின் தீர்ப்பில் கொதித்துப்போன மேலாளர் லாயிட் மெக்லெண்டன், முதல் தளத்தை மைதானத்திலிருந்து பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்விட்டார். 2002-ல், முந்தைய வருடம் நூறு ஆட்டம் தோற்றதற்கு ஆறுதலாக, நாட்டின் இளம் ஆட்டக்காரர்களில் முதல் ஆளைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு கிடைத்தது. தேர்ந்தெடுத்த பந்து வீச்சாளர் பைரேட்ஸுக்கு ஒரு வெற்றிகூடப் பெற்றுத் தரவில்லை. 2010 ஏப்ரலில் சொந்த ஊரிலேயே மில்வாக்கி அணியிடம் 20-0 என்று தோற்றது. 2011 ஜூலையில் அபூர்வமாக முதலிடத்தைத் தொட்டுக்கொண்டிருந்த சமயம், அதே அட்லாண்டாவில், 19 பகுதிகள் நீண்டு நள்ளிரவைத் தாண்டிய ஓர் ஆட்டத்தை நடுவரின் தவறான தீர்ப்பு முடித்து வைத்தது. மறுநாள் தவறை லீக்கே ஒப்புக்கொண்டது. அணி அதன்பின் சரிந்து 90 தோல்விகளில் போய் நின்றது. 2012-ல் ஆகஸ்ட் தொடக்கத்தில் 63 வெற்றி, 47 தோல்வி. இந்த முறை தப்பாது என்று ஊரே நம்பியது. முடிவில் 79 வெற்றி, 83 தோல்வி. பட்ட காலிலே படும் என்பது பிட்ஸ்பர்க்கில் பழமொழி அல்ல, ஸ்கோர் கார்டு.

அதே நகரத்தின் மற்ற அணிகளைப் பார்த்தால் வேதனை இன்னும் கூடும். பைரேட்ஸ் தோல்வியில் சாதனை படைத்த அதே 2009-ல், பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கின் ஸ்டீலர்ஸ் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌலை வென்றது. ஜூனில் பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையை வென்றது. மூன்று அணிகளுக்கும் ஒரே நிறம், கறுப்பும் தங்கமும். எண்பதுகளில் எஃகு ஆலைகள் மூடப்பட்டு நசிந்த நகரம் அது. 1950-ல் ஆறே முக்கால் லட்சமாக இருந்த மக்கள்தொகை 2010-ல் மூன்று லட்சத்துக்குச் சற்று மேலாகக் குறைந்துவிட்டது. வேலை தேடி வேறு ஊர்களுக்குப் போனவர்கள் அணியின் தொப்பியையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். நாடெங்கும் ஒரு பைரேட்ஸ் ரசிகரை எல்லோருக்கும் தெரிந்திருந்ததற்கும், அனுதாபம் அவ்வளவு தூரம் பரவியதற்கும் இது ஒரு காரணம்.

இனி அனுதாபிகளைக் கொஞ்சம் தரம் பிரித்துப் பார்ப்போம்.

முதல் ரகம், தாமே அடிபட்டவர்கள். பில்லீஸ் ரசிகர்கள் 2007 ஜூலையில் தங்கள் அணியின் பத்தாயிரமாவது தோல்வியைப் பார்த்தவர்கள். சிகாகோ கப்ஸ் 1908-க்குப் பிறகு 2016 வரை உலகத் தொடரை வென்றதில்லை. இவர்கள் காட்டியது பரிவு என்றே சொல்லலாம். அதிலும் ஒரு நெருடல் உண்டு. கப்ஸின் தோல்வியைச் சுற்றி ஆட்டுக்கிடா சாபம், ஐவி படர்ந்த மதில், நிரம்பி வழியும் மைதானம் என்று ஒரு காவியமே கட்டப்பட்டிருந்தது. கோப்பையை நழுவவிடுவது காவியமாகும். ஐந்தாவது இடத்துக்கும் ஆறாவது இடத்துக்கும் இடையே வருடாவருடம் தத்தளிப்பதில் காவியம் ஏது? ஜூன் மாதத்திலேயே சீசன் முடிந்துபோகிறவனின் சோகத்துக்கு வடிவமே கிடையாது.

இரண்டாவது ரகம், ஆதாயம் அடைந்தவர்கள். 2003 ஜூலையில் சம்பளச் செலவைக் குறைப்பதற்காக பைரேட்ஸ், அராமிஸ் ரமிரெஸ் என்ற 25 வயது ஆட்டக்காரரை விட்டுக்கொடுத்தது. பெற்றுக்கொண்டது கப்ஸ். அந்த ஆண்டு கப்ஸ் ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 2004-ன் சிறந்த புதுமுகமாகத் தேர்வான ஜேசன் பே, 2008-ல் பாஸ்டனுக்குப் போனார். இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. இளம் ஆட்டக்காரரை வளர்த்து ஆளாக்கும் அணிக்கு அவர்மேல் சுமார் ஆறு ஆண்டுகளே உரிமை. அதன்பின் அதிகம் தருபவருக்கு அவர். அமெரிக்கக் கால்பந்தில் இருப்பதுபோல் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு பேஸ்பாலில் கிடையாது. ஆகவே சிறு நகர அணிகள் நாற்றங்கால்களாகின்றன; பெருநகர அணிகள் அறுவடை செய்கின்றன. அறுவடையை அனுபவித்துக்கொண்டே நாற்றங்காலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது மனித இயல்புதான். அதைப் பரிவு என்று மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது.

மூன்றாவது ரகம்தான் பெரும்பான்மை. தோற்பவன் அச்சுறுத்தாதவரை அவனை எல்லோருக்கும் பிடிக்கும். தன் அணி பைரேட்ஸுடன் மோதும் மூன்று ஆட்டங்களும் கைக்குள் இருக்கின்றன என்ற நிம்மதியில் பிறக்கும் தாராளம் இது. இந்தத் தாராளத்தைத்தான் பிட்ஸ்பர்க் ரசிகர்கள் வெறுத்தார்கள். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். உச் கொட்டினால் என்ன செய்வது? வைகிறவன் உன்னை எதிரியாக மதிக்கிறான். பாவம் என்கிறவன் உன்னை ஆட்டத்திலிருந்தே நீக்கிவிட்டான்.

மூன்று ரகத்தாரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: இத்தனை தோல்வியில் நஷ்டம் யாருக்கு? 2010 ஆகஸ்டில் சில அணிகளின் உள் கணக்குகள் வெளியே கசிந்தன. அவற்றின்படி 2007, 2008 ஆகிய இரண்டு தோல்வி ஆண்டுகளில் பைரேட்ஸ் நிர்வாகம் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் டாலர் லாபம் பார்த்திருந்தது. பணக்கார அணிகளின் வருமானத்தில் ஒரு பகுதியை மற்ற அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாட்டில் வந்த தொகையும் அந்த வருமானத்தில் அடக்கம். நிர்வாகம் தன் தரப்பில், இளம் ஆட்டக்காரர்களை வளர்ப்பதில் முதலீடு செய்வதாகச் சொன்னது. அணி ஆடும் மைதானமும் பெருமளவு பொதுப் பணத்தில் எழுந்தது. 1997-ல் இதற்காக விற்பனை வரியை உயர்த்தும் யோசனையை அப்பகுதி வாக்காளர்கள் நிராகரித்தார்கள். பணம் வேறு வழியாக வந்து சேர்ந்தது. 2001-ல் நதிக்கரையில் அந்த அழகான மைதானம் திறந்தபோது 24 லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிக்கெட் வாங்கினார்கள். அவர்கள் பார்த்தது நூறு தோல்விகளை.

ஆக, தோற்றது அணி, அழுதது ரசிகர். லாபக் கணக்கு வேறிடத்தில் இருந்தது. ஆங்கிலேயக் கால்பந்தில் கடைசி இடம் பெறும் அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். முதலாளிக்கு வயிற்றைக் கலக்கும். அமெரிக்க பேஸ்பாலில் கீழ்ப்பிரிவு பயம் கிடையாது. தோற்றவனுக்கு இளம் ஆட்டக்காரரைத் தேர்வதில் முன்னுரிமை உண்டு. பணமில்லாததுதான் காரணம் என்ற வாதமும் முழுக்க எடுபடாது. தொடக்கம் முதல் பத்து சீசன்களும் தோற்ற டாம்பா பே அணி, குறைந்த சம்பளப் பட்டியலோடு 2008-ல் உலகத் தொடர் வரை போனது. வறுமையும் உண்மை, திறமைக் குறைவும் உண்மை. இரண்டையும் சேர்த்து ‘பாவம்’ என்ற ஒரே சொல்லால் போர்த்தியதுதான் அனுதாபம் செய்த வேலை.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு. 2008 நவம்பரில், தோல்வியின் 16-வது ஆண்டை முடித்திருந்த பைரேட்ஸ், உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஈட்டி எறிந்து பழகியவர்கள். வேகமாகப் பந்தெறிவோருக்கான போட்டி ஒன்றின் மூலம் அமெரிக்கா போகும்வரை பேஸ்பால் ஆடியதில்லை. விளம்பர உத்தி என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. இருவரும் மேஜர் லீக் வரை எட்டவில்லை. ஆனாலும் அமெரிக்க பேஸ்பாலில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் அவர்களே. 2014-ல் டிஸ்னி அதைப் படமாக்கி, ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்தார். ஜெயித்துப் பழகிய அணிக்கு வாராணசிப் பக்கம் எட்டிப் பார்க்க அவசியம் இருந்திருக்காது. இழக்க ஏதுமில்லாதவன்தான் புதிய வாசலைத் தட்டுகிறான்.

கடைசியில் விடிந்தது. 2013-ல் பைரேட்ஸ் 94 ஆட்டங்களை வென்றது. அக்டோபர் 1 அன்று, 21 ஆண்டுகளுக்குப் பின் பிட்ஸ்பர்க்கில் ஒரு நாக்-அவுட் கட்ட ஆட்டம். நாற்பதாயிரம் பேர், பெரும்பாலும் கறுப்பு உடையில். சின்சினாட்டி அணியின் பந்து வீச்சாளர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்து அவர்கள் ராகம் பாடியபோது அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை ரஸ்ஸல் மார்ட்டின் மதிலுக்கு அப்பால் அனுப்பினார். பைரேட்ஸ் 6-2 என்று வென்றது. அன்றிரவு மற்ற ஊர்க்காரர்களும் அந்த வெற்றியில் மகிழ்ந்தார்கள். அது பொய்யல்ல. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அணி நன்றாகவே ஆடியது. 2015-ல் 98 வெற்றிகள். வலுவான எதிரியாக மாறியதும் உச் கொட்டல் நின்றுபோயிற்று. அதைவிடப் பெரிய மரியாதை பிட்ஸ்பர்க் கேட்டிருக்க முடியாது.

மரியாதை நிலைக்கவில்லை. 2019 முதல் 2025 வரை மீண்டும் ஏழு தோல்வி சீசன்கள். ஆனால் இந்த முறை ரசிகர்களின் பாஷை மாறியிருக்கிறது. 2025 ஏப்ரலில், உள்ளூர் சீசனின் தொடக்க ஆட்டத்திலேயே அணியை விற்றுவிடு என்று முதலாளியை நோக்கிக் கோஷம் எழுந்தது. அதே மாதம் வலப்புற மதிலில் கிளெமெண்டேயின் 21 இருந்த இடத்தில் ஒரு மது விளம்பரம் முளைத்தது. எழுந்த கண்டனத்தில் 21 திரும்பி வந்தது. மைதானம் கட்டப்பட்டபோது ரசிகர்கள் காசு கொடுத்துத் தங்கள் பெயரும் இறந்துபோன உறவினர் பெயரும் பொறித்துப் பதித்த செங்கற்கள், பெயர்த்தெடுக்கப்பட்டு ஒரு மறுசுழற்சிக் குவியலில் கிடந்ததும் அப்போதுதான் தெரியவந்தது. இருபது ஆண்டு தோல்வியைப் பொறுத்தவர்கள் செங்கல்லைப் பொறுக்கவில்லை. விசுவாசம் என்பது பொறுமை மட்டுமல்ல, கணக்குக் கேட்பதும்தான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வெளியூர் அனுதாபிகளும் இந்தக் கேள்வியில் சேர்ந்துகொண்டால், அதற்குப் பரிவு என்ற பெயர் பொருந்தும்.

அதற்கான அறிகுறி அதிகமில்லை. அணியின் இளம் பந்து வீச்சாளர் பால் ஸ்கீன்ஸ், 2025-ல் தன் லீக்கின் தலைசிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதைப் பெற்றார். எதிரணிக்கு அவர் விட்டுக்கொடுத்தது, ஓர் ஆட்டத்துக்குச் சராசரி இரண்டு ரன்னுக்கும் குறைவு. பைரேட்ஸ் ரன் எடுத்துக் கொடுக்காததால் அவர் பெயரில் எழுதப்பட்ட கணக்கோ 10 வெற்றி, 10 தோல்வி. நாடெங்கும் ரசிகர்கள் அவருக்காக உருகுகிறார்கள். பாவம் அந்தப் பையன், அங்கே மாட்டிக்கொண்டான் என்கிறார்கள். கூடவே இன்னொரு வாக்கியமும் சேர்ந்து வருகிறது: எங்கள் அணிக்கு வந்துவிட்டால் நன்றாக இருக்கும்.